27 வளைவுகளுக்கு அப்பால்

பயணங்கள் பலவகைப்படும். நேர்ச்சை செலுத்தச் செல்லும் திருத்தலப் பயணம் உண்டு. உறவினர் இல்லத் திருமணத்திற்குச் செல்லும் பயணம் உண்டு. கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறும் உல்லாசப் பயணமும் உண்டு. நாங்கள் மேற்கொண்ட பயணம் இவற்றுள் எதிலும் சேராது. ஒரே ஒரு சொல்லைத் தேடி, கோவையிலிருந்து மலை கடந்து மைசூருக்குச் சென்றோம். அது என் பேரனின் வாயிலிருந்து வரவேண்டிய சொல்.

36 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் பிள்ளைகளுக்கு ஆயிரமாயிரம் சொற்களைக் கற்றுக் கொடுத்த என் வீட்டில், மகளின் மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும் நிறைந்த பின்னும் ஒரு சொல்கூட வரவில்லை. பசித்தால் அடுக்களை வாசலில் போய் நிற்பான். தண்ணீர் வேண்டுமென்றால் தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தைக் காட்டுவான். சிரிப்பான், அழுவான், ஓடுவான். பேச்சு மட்டும் இல்லை.

“ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். எங்கள் குடும்பத்தில் நானே நான்கு வயதில்தான் பேசினேனாம்.” இப்படிச் சொல்லி வந்தவன் வேறு யாரும் அல்லன், நானேதான். என் மகள் கவலையோடு கேட்கும்போதெல்லாம் இதையே சொல்லி அவள் வாயை அடைத்தேன். ஊர் மருத்துவர் ஒருவரும், “மூன்று வயது வரை பொறுத்துப் பாருங்கள்” என்றார். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் நாக்கில் வசம்பை இழைத்துத் தடவச் சொன்னார். இன்னொருவர் நாக்கின் அடிக்கட்டை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்றார். என் சம்பந்தியம்மாவோ, “தாய் வேலைக்குப் போனால் பிள்ளை யாரிடம் பேசக் கற்கும்?” என்று ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா சொல்லுடா, ஒரே ஒரு தடவை சொல்லுடா” என்று கெஞ்சியதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அப்போதுதான் என் பொறுமை என்பது உண்மையில் அச்சத்தின் மறுபெயர் என்று எனக்கே விளங்கிற்று. மறுநாளே மைசூருக்குப் புறப்பட முடிவு செய்தோம்.

மலைப் பாதை

கோவையிலிருந்து மைசூர் செல்லும் பேருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் சென்று, பவானி ஆற்றைக் கடந்து, பண்ணாரியை அடைகிறது. பண்ணாரியில் சமவெளி முடிகிறது, காடு தொடங்குகிறது. 2013-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனம் இது. இங்கிருந்து திம்பம் உச்சி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை நிற்கிறது. எதிரே மூங்கிலும் கரும்பும் ஏற்றிய வண்டிகள் வரக்கூடும்; ஆதலால் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னரே நீண்ட ஒலி எழுப்பி, பின்னரே வண்டியைத் திருப்புகிறார்.

சன்னலோரம் தாயின் மடியில் அமர்ந்திருந்த என் பேரன், ஒவ்வொரு முறை ஒலி எழும்போதும் தலையை நிமிர்த்திப் பார்த்தான். நான் மகளிடம், “பார்த்தாயா கண்ணு, காது நன்றாகக் கேட்கிறது. வீணாகத்தான் போகிறோமோ என்னவோ” என்றேன். அவள் பதில் கூறாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திம்பத்தின் உச்சியில் பனிக்காற்று முகத்தில் அடித்தது. கீழே நாங்கள் விட்டுவந்த சமவெளி நீலப் போர்வை போர்த்திக் கிடந்தது. ஆசனூரைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து கன்னட நாடு தொடங்குகிறது. ஆனால் மொழியின் எல்லை அரசின் எல்லையோடு ஒத்துப்போவதில்லை. ஆசனூர், தாளவாடிப் பக்கங்களில் தமிழகத்து மக்களே வீட்டில் கன்னடம் பேசுகின்றனர். சாமராசநகரைக் கடந்து நஞ்சன்கூட்டை நெருங்கியபோது கபினி ஆறு குறுக்கிட்டது. அதன்மேல் 1735-இல் கட்டப்பெற்ற பழைய பாலம், ஒரு காலத்தில் சாலையையும் இருப்புப் பாதையையும் தன் ஒரே முதுகில் சுமந்தது. சிறிது நேரத்தில் சாமுண்டி மலை கண்ணில் பட்டது. மைசூர் வந்துவிட்டது.

மானசகங்கோத்ரி

மைசூருக்கு வருவோர் பெரும்பாலும் அரண்மனைக்கும் பிருந்தாவனத் தோட்டத்திற்கும் செல்வார்கள். எங்கள் ஆட்டோ நகரின் மேற்குப் பக்கம், குக்கரஹள்ளி ஏரியை அடுத்துள்ள மரங்கள் அடர்ந்த பகுதிக்குச் சென்றது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இது. இதற்கு ‘மானசகங்கோத்ரி’ என்று பெயரிட்டவர், அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் இருந்த கன்னடப் பெருங்கவிஞர் குவெம்பு. உள்ளமாகிய கங்கை பிறக்கும் இடம் என்பது பொருள். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என் நெஞ்சில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. கங்கைக்கும் ஓர் ஊற்றுக்கண் இருக்கிறதல்லவா? எங்கோ பனிப்பாறைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் நீர்தானே பின்னர் ஆறாகிப் பாய்கிறது?

அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. 1965-இல் தொடங்கப்பெற்ற இது, மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தைச் சார்ந்தது. பேச்சும் செவியும் பற்றிய படிப்புக்கு இந்நாட்டில் வழிகாட்டியாய் விளங்கும் நிறுவனம். நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் மாணவ மாணவியர் இங்கு வந்து பயில்கின்றனர். ஆதலால் தமிழ் பேசும் பயிற்சியாளர் கிடைப்பது அரிதன்று என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தோம்.

காத்திருப்போர் கூடத்தில் நான் கண்ட காட்சி என்றும் மறவாதது. கன்னடம், தமிழ், மலையாளம், உருது, இந்தி என்று பல மொழித் தாய்மார்கள் அங்கே அமர்ந்திருந்தனர். பலர் தோளிலோ மடியிலோ குழந்தையைக் கிடத்தித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தனர். காரணம் பின்னர்தான் தெரிந்தது. செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு ஒலியை எடுத்துச் செல்கிறதா என்று அறியும் சோதனை ஒன்று உண்டு. ‘பெரா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டி, காதில் மெல்லிய ஒலிகளைச் செலுத்தி, மூளை அதற்கு விடையிறுக்கிறதா என்று கருவியில் பார்க்கிறார்கள். குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை. அசையாமல் தூங்கினால் போதும். ஆனால் வந்த இடத்தில், பகல் வெளிச்சத்தில், குழந்தை தூங்க வேண்டுமே! மொழி அறியாத தாய்மார்கள் ஒருவர் குழந்தையை இன்னொருவர் வாங்கித் தட்டிக் கொடுத்தனர். ஒரு முஸ்லிம் பாட்டியார் மெல்லிய குரலில் பாடிய தாலாட்டில், அவர் பேரனோடு என் பேரனும் கண்ணயர்ந்தான்.

கேள்விகளும் விடைகளும்

சோதனைக்கு முன்னர் நெடுநேரம் எங்களிடம் கேள்விகள் கேட்டார்கள். பிறந்தவுடன் அழுதானா? மஞ்சள் காமாலை வந்ததா? காதில் சீழ் வடிந்ததுண்டா? பெற்றோர் நெருங்கிய உறவா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறானா? விரும்பும் பொருளைச் சுட்டுவிரலால் காட்டுகிறானா? விமானம் பறந்தால், “அதோ பார்” என்பதுபோல் நம் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்க்கிறானா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கைப்பேசியோ தொலைக்காட்சியோ பார்க்கிறான்?

கடைசிக் கேள்விக்கு என் மகள் தலைகுனிந்து, “சாப்பிடும்போதெல்லாம் கைப்பேசிதான், மூன்று, நான்கு மணி நேரம் இருக்கும்” என்றாள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனச்சாட்சி சும்மா இருக்குமா? காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை எங்கள் கூடத்தில் செய்தி அலைவரிசை அலறிக்கொண்டிருக்கும். அதை இயக்கியவன் நான்தான். சிறிது தயங்கி அதையும் சொன்னேன். கேள்வி கேட்ட பெண்மணி கடிந்துகொள்ளவில்லை, எழுதிக்கொண்டார்.

பேருந்தின் ஒலிக்கு அவன் தலை நிமிர்த்தியதையும் பெருமையோடு கூறினேன். அவர் புன்னகைத்து, “ஐயா, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. காது பாதி மந்தமாக இருக்கும் குழந்தைகூடப் பேருந்து ஒலிக்கும் கைதட்டலுக்கும் திரும்பிப் பார்க்கும். பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்கின்றனவா என்பதுதான் கேள்வி. பேசாத குழந்தைக்கு முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்” என்றார்.

சோதனை முடிந்தது. இரண்டு காதுகளும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். என் மகள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பின்னர்ப் பேச்சுத்துறையிலும் உளவியல் பிரிவிலும் விளையாட்டுப் பொருள்களை வைத்து நெடுநேரம் அவனோடு பழகிப் பார்த்தார்கள். முடிவாகச் சொன்னது இது: பிறர் சொல்வதைப் பெரும்பாலும் புரிந்துகொள்கிறான், கண்ணோடு கண் பார்க்கிறான், விரலால் சுட்டுகிறான், ஆனால் பேசும் திறன் ஒரு வயதுக் குழந்தையின் அளவில் நிற்கிறது.

“தானாகச் சரியாகிவிடுமா?” என்று கேட்டேன்.

“இப்படித் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிலர் பிடிப்பதில்லை. இந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே யாராலும் உறுதி கூற முடியாது. அதனால்தான் காத்திருக்கக் கூடாது என்கிறோம்” என்றார் அவர். 36 ஆண்டு ஆசிரியப் பணியில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தியதில்லை.

நாக்கை வெட்டும் யோசனையைப் பற்றியும் கேட்டோம். நாக்கின் அடிக்கட்டால் சில ஒலிகள் பிசகலாமே தவிர, பேச்சே வராமல் இருப்பதற்கு அது காரணமாவதில்லை என்றார்கள். பேச்சு நாக்கில் பிறப்பதில்லை. காதின் வழியே சென்று, உள்ளத்தில் ஊறி, அதன் பின்னரே நாக்குக்கு வருகிறது. மானசகங்கோத்ரி என்ற பெயரின் பொருள் மீண்டும் நினைவுக்கு வந்தது.

விளையாட்டே பாடம்

மறுநாள் பயிற்சி. பயிற்சி என்றதும் நான் பள்ளிக்கூடத்தை எண்ணினேன். அட்டைகளைக் காட்டி, ‘அ - அம்மா, ஆ - ஆடு’ என்று சொல்லச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கோ தரையில் ஒரு பாய், ஒரு பந்து, சில பொம்மைகள், ஒரு சிறு பேருந்து. தமிழ் பேசும் இளம் பெண் ஒருவர் பேரனுக்கு எதிரே தாமும் பாயில் படுத்துக்கொண்டார். “முகத்துக்கு முகம் தெரிய வேண்டும், அம்மா. நாம் நின்றுகொண்டு பேசினால் அவனுக்கு நம் முழங்கால்தான் தெரியும்” என்று என் மகளிடம் கூறினார்.

பேரன் பந்தை விட்டுப் பேருந்தை எடுத்தான். அவரும் பந்தை விட்டுவிட்டார். அவன் உருட்டினான், அவர், “பஸ்… பஸ் போகுது” என்றார். அவன் நிறுத்தினான், அவர், “நின்னுடுச்சு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு முறையாவது, “இது என்ன? சொல்லு பார்க்கலாம்” என்று கேட்கவில்லை. பிறகு பேருந்தைத் தம் பக்கம் உருட்டி வாங்கிக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்தபடி, மலர்ந்த முகத்தோடு பேசாமல் இருந்தார். ஒரு வினாடி, இரண்டு வினாடி. எனக்கே பொறுக்கவில்லை, “கேளுடா” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். பேரன் கையை நீட்டி, “ம்ம்” என்றான். “பஸ்! இந்தா பஸ்” என்று உடனே கொடுத்துவிட்டார்.

அரைமணி நேரத்திற்குப் பின் அவர் எங்களுக்கு எடுத்துரைத்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெற்றோர்க்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேச வேண்டும். நாம் விரும்புவதைப் பற்றி அன்று. நீண்ட வாக்கியம் வேண்டா. ஒரு சொல், இரு சொல் போதும். குழந்தை ஒரு சொல் சொன்னால், அதோடு இன்னொன்றைச் சேர்த்து நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘பால்’ என்றால், ‘சூடான பால்’ என்பது போல. சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனத்திற்குள் பத்து வரை எண்ணலாம். கேட்பதற்கு முன்னரே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் பேச வேண்டிய தேவையே எழாது. ஆகவே பிடித்த தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியும் பாட்டிலில் இறுக மூடி வைக்கலாம். திறக்கச் சொல்லி நம்மிடம் வரும். சைகை செய்தாலும், பாதி ஒலி எழுப்பினாலும், மாட்டுக்கு ‘மா’ என்றும் காக்கைக்கு ‘கா’ என்றும் சொன்னாலும் அதைச் சொல்லாகவே ஏற்று மகிழ வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று அழவைக்கக் கூடாது. இவற்றுக்குத் தனி நேரம் வேண்டா. குளிக்கும்போதும், உண்ணும்போதும், துணி மடிக்கும்போதும் நடக்க வேண்டிய பாடம் இது.

கைப்பேசியைப் பற்றியும் சொன்னார். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது, குறைவாய் இருப்பதே நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிவுரை. கைப்பேசி பேசிக்கொண்டே இருக்கிறது. குழந்தை பேசுவதற்காக அது ஒருபோதும் காத்திருப்பதில்லை.

என் மருமகன் தொலைபேசியில் ஓர் ஐயம் எழுப்பினார்: “பள்ளியில் ஆங்கிலம்தானே? இப்போதே ஆங்கிலத்தில் பேசினால் குழப்பம் வராதல்லவா?” அதற்கு அவர், “உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனால் வீட்டு மொழியைப் பறித்துவிட்டுத் தெரியாத மொழியைக் கொடுத்தால், குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவு குறைந்துவிடும்” என்றார்.

கடைசியாக என் மகள், மெல்லிய குரலில், “நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆயிற்றா?” என்று கேட்டாள். அந்த இளம் பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டு, “இல்லை அம்மா. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் எல்லாம் பேசாமலா இருக்கிறார்கள்? தாமதத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல; ஆனால் அவனுக்கு மிக நல்ல ஆசிரியர் நீங்கள்தான்” என்றார். இரண்டரை ஆண்டுகளாக அவள் நெஞ்சில் கிடந்த கல் அன்று இறங்கியது. அந்தக் கல்லை ஏற்றி வைத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை எண்ணி வெட்கினேன்.

பேராலயத்தில் ஒரு மாலை

ஊர் திரும்புமுன் புனித பிலோமினா பேராலயத்திற்குச் சென்றோம். இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். செருமனியின் கொலோன் பேராலயத்தை ஒட்டி எழுப்பப்பட்டது. 1926-இல், மைசூர் அரசரின் செயலாளராய் இருந்த தம்புச் செட்டியார் புனிதையின் திருப்பண்டத்தைப் பெற்று வந்தார். 1933-இல் அரசர் நான்காம் கிருஷ்ணராச உடையாரே அடிக்கல் நாட்டினார். இந்து அரசர் ஒருவர் கத்தோலிக்க ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய அந்த நல்லிணக்கம், தாலாட்டுப் பாடிய முஸ்லிம் பாட்டியாரை எனக்கு நினைவூட்டிற்று.

வண்ணக் கண்ணாடி வழியே மாலை ஒளி விழுந்துகொண்டிருந்தது. திக்குவாயும் செவிடுமாய் இருந்தவரின் நாவை ஆண்டவர் அவிழ்த்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவர் அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்று நற்செய்தியாளர் மாற்கு குறிப்பிடுகிறார். எத்தனையோ முறை வாசித்திருந்தும், ‘தனியே’ என்பதை நான் கவனித்ததில்லை. கூட்டமும் இரைச்சலும் இல்லாத இடத்தில், முகத்துக்கு முகம். பாயில் படுத்துக்கொண்ட அந்த இளம் பெண் செய்ததும் அதுவேயன்றோ?

திரும்பும் வழியில்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொலைக்காட்சியை நிறுத்தினேன். உணவு வேளையில் கைப்பேசி கூடாது என்று முடிவாயிற்று. முதல் நான்கு நாள் பேரன் உண்ண மறுத்து அழுதான். ஐந்தாம் நாள் உண்டான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பேருந்து ஓட்டினோம். குளியலறையில், ‘ஊற்று… நிறுத்து’ என்று செம்புத் தண்ணீரோடு பாடம் நடந்தது. நிலக்கடலை உரிக்கும்போது ஒவ்வொரு பருப்புக்கும் ‘இன்னும்?’ என்று கேட்டுக் காத்திருந்தாள் என் மகள். எங்கள் சம்பந்தியம்மாவும் மாறினார். பழைய கைவீசல் பாட்டுகளை அவர் போல் பாட எங்கள் வீட்டில் யாரும் இல்லை. பாட்டின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டுப் பேரனின் முகத்தைப் பார்ப்பார். ஆயினும் இரண்டு மாதம் கழிந்தும் சொல் வரவில்லை. பல நாள் மனம் தளர்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

மூன்றாம் மாதம் மீண்டும் மைசூர் சென்று பயிற்சி முடித்துத் திரும்பினோம். ஆசனூரில் முதிய அம்மையார் ஒருவர் கூடையோடு ஏறி எங்களுக்கு எதிர் இருக்கையில் அமர்ந்தார். அப்பகுதியினர் போல் அவரும் கன்னடம் பேசினார். திம்பத்தில் வண்டி இறங்கத் தொடங்கிற்று. ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஒலி எழும், உடனே என் மகள் பேரனின் முகத்தைப் பார்த்து, “பாம்!” என்பாள். திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுவே நல்ல பாடம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். 27 முறை திரும்ப வரும் பாடம் வேறெங்கே கிடைக்கும்?

பத்து வளைவுகள் கடந்தன. பேரன் சிரித்தான், அவ்வளவே. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, சரியாக நினைவில்லை. வளைவு வந்தது, ஒலி எழவில்லை, எதிரே வண்டி நின்றதால் ஓட்டுநர் வேகம் தணித்திருந்தார். என் மகளும் பேசாமல் காத்திருந்தாள். பேரன் அவளைப் பார்த்தான், ஓட்டுநர் பக்கம் பார்த்தான், உரத்த குரலில், “பா!” என்றான்.

எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனால் எதிரே இருந்த அம்மையார் வேறு பொருள் கொண்டார். கன்னடத்தில் ‘பா’ என்றால் ‘வா’ என்று பொருள். குழந்தை தம்மை அழைப்பதாக எண்ணி, முகமெல்லாம் சிரிப்பாகி, இரு கைகளையும் நீட்டினார். பேரன் வியந்து பார்த்தான். தன் வாயிலிருந்து ஒரு சிறு ஒலி புறப்பட்டது; உடனே ஓர் அன்பு முகம் திரும்பி, இரு கைகள் தன்னை நோக்கி நீண்டன! இன்னொரு முறை, “பா!” என்றான். அவர் அவனை வாரி மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சிய வளைவுகள் முழுதும் “பா” தொடர்ந்தது. பண்ணாரி வந்தபோது எங்கள் மூவர் கண்ணும் நனைந்திருந்தன. காரணம் அறியாமலே அந்த அம்மையாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சு என்பது எழுத்துகளின் கூட்டம் என்று 36 ஆண்டுகள் கற்பித்தவன் நான். நான் ஒலி எழுப்பினால் இன்னோர் உள்ளம் திரும்பும் என்ற நம்பிக்கையே பேச்சு என்பதை, எழுத்தறியாத அந்த அம்மையார் எனக்குக் கற்பித்தார்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

அதன்பின் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ‘மா’ வந்தது, ‘தா’ வந்தது, ‘இன்னும்’ என்பது ‘இன்னூ’ என வந்தது. நான்கு வயதை நெருங்கும்போது மூன்று சொல் சேர்த்துப் பேசினான். பழத்தைப் ‘பயம்’ என்பான். தமிழாசிரியனாகிய நான் திருத்துவதில்லை. ‘ஆமாம், பழம்’ என்று சரியாகச் சொல்லிக் காட்டுவதோடு சரி. பெரியவர்களுக்கே வராத ழகரம் அவனுக்கு மெல்ல வரட்டும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் விளைவு இப்படியே அமையும் என்று நான் கூற வரவில்லை. சிலருக்குச் செவியில் குறை இருக்கும். காது கருவி வேண்டியிருக்கும். சிலருக்குப் பழகும் விதத்திலேயே வேறுபாடு இருக்கும். நெடுங்காலப் பயிற்சி தேவைப்படும். எதுவாயினும் முன்னரே அறிவதே நலம். ஒரு வயதுக்குள் விரலால் சுட்டாமலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலோ இருந்தால் கவனியுங்கள். ஒன்றரை வயதில் ஒரு சில சொற்களேனும் இல்லை, இரண்டு வயதில் இரு சொல் சேர்க்கவில்லை, வந்த சொற்கள் மறைந்துவிட்டன என்றால் நாள் கடத்தாதீர்கள். பிறந்த ஒரு மாதத்திற்குள்ளேயே செவியைச் சோதிக்கும் எளிய கருவிகள் இன்று உண்டு.

எல்லோரும் மைசூர் செல்ல வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்திற்குக் கட்டணமின்றி அனுப்புகிறார்கள். உங்கள் ஊர் அங்கன்வாடி ஆசிரியரையோ அரசு மருத்துவமனையையோ கேளுங்கள். பங்கில் அத்தகைய குழந்தை இருந்தால், அதன் தாயிடம் குறை கூறாமல், ஒரு நாள் துணையாகச் சென்று வாருங்கள்.

சென்ற மாதம் மீண்டும் அதே மலைப்பாதையில் பயணம் செய்தோம். பேரன் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தான். நடுவில் பல எண்களை விட்டுவிட்டான். உச்சியை அடைந்ததும் என் பக்கம் திரும்பி, “அப்பச்சி, மலை முடிஞ்சுது” என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னும் ஏதேனும் சொல்வானோ என்று, மனத்திற்குள் பத்து வரை எண்ணிக் காத்திருந்தேன்.